கடைசி டிராமுக்குப் பின்

ப்ர்னோவில் கடைசி டிராம் போன பிறகுதான்
என் வேலை தொடங்கும்.
அதுவரை தண்டவாளத்தின் நடுக்கம்
நான்கு மாடி ஏறி வந்து
மேசையின் காற்றுக்கால்களையும் ஏய்த்துவிட்டு
ஒரு துளி நீரை உலுக்கும்.

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நீ.
ஓரங்களை அடைத்திருப்பது நகப்பூச்சு,
இருப்பதில் மலிவான சிவப்பு.
"மாதம் நாலு குப்பி, விரலில் ஒன்றையும் காணோமே?"
என்றாள் கடைக்காரி.
தண்ணீர் கசியாமலிருக்க, என்றேன்.
அவள் நம்பவில்லை.

உன் அகலம் ஒரு மைக்ரான்.
என் தலைமுடி ஒன்றின் குறுக்கே
எழுபது பேர் தோளோடு தோள் நிற்பீர்கள்.
உன்னைப் பிடிக்கும் லேசர் கண்ணுக்குத் தெரியாது.
ஆரஞ்சு அட்டையை நீட்டினால்
பச்சையாய் ஒரு புள்ளி,
அவ்வளவுதான் அதன் முகம்.
ஒளிக்குத் தள்ளத் தெரியும் என்று படித்திருந்தேன்.
குவித்தால் இழுக்கவும் செய்யும் என்பதை
உன்னிடம்தான் பார்த்தேன்:
தன் பாட்டுக்குப் போன உன்னை
வா என்றுகூடச் சொல்லாமல்
வாரிக்கொண்டது.

பிடிபட்டும் நீ சும்மா இருப்பதில்லை.
நீரின் மூலக்கூறுகள் நாலாபுறமும் இடிக்க
திரையில் துடிக்கிறாய்,
தூங்குபவரின் இமைக்குள்
விழி உருள்வது போல.

இன்றைய சோதனை பிடிப்பது அல்ல.
ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து
எப்போது போவாய் என்று பார்ப்பது.

இரவுக் காவலர் ஹினெக் எட்டிப் பார்த்தார்.
"என்ன மாட்டியது ரட்மிலா?"
ஒரு மணி.
"எதற்கு?"
எப்போது ஓடும் என்று பார்க்க.
"அதற்கு என் பூனை போதுமே."
படியில் இறங்கிப் போனார்.
ஒன்பது மாதமாக இரவில் அவர்
லிஃப்டைத் தொடுவதில்லை.
முழங்கால் வலிக்காரர்.

முப்பது மில்லிவாட். இருந்தாய்.
பன்னிரண்டு. இருந்தாய்.
ஐந்தில் விளிம்புவரை போய்த் திரும்பினாய்.
மூன்று மணிக்கு ஒரு பாக்டீரியா,
யார் கையிலிருந்து வந்ததோ,
வாலைச் சுழற்றி உன்னை முட்டிவிட்டுப் போனது.
இருந்தாய்.
அரை மில்லிவாட்டில்
பிடி என்று சொல்லவே ஒன்றுமில்லை.
அப்போதும்.

வெளியே பனி கொட்டியது. காப்பி ஆறியது.
இரு என்று வேண்டினேனா
போ என்று வேண்டினேனா
எனக்கே தெரியவில்லை.
வேண்டுதலுக்குக் கோப்பில் இடமும் இல்லை.

நாலு ஐம்பது.
முதல் டிராம் வளைவில் கிறீச்சிட்டது.
திரை ஒருமுறை குலுங்கியது.
நீ இல்லை.

தானாகப் போனாயா,
டிராம் கிளப்பிவிட்டதா?
வரைகோட்டில் இரண்டும் ஒரே முள்ளாய் நிற்கின்றன.
குறிப்பேட்டில் "செல்லாது" என்று எழுதினேன்.

எழுதிய பிறகும்
குவியத்தை ஏற்றி இறக்கி
அச்சாய் உன்னைப் போலவே இருக்கும் ஆயிரத்தில்
உன்னைத் தேடிக்கொண்டிருந்தேன்,
கீழே ஹினெக்
லிஃப்ட் பொத்தானை அழுத்தும்வரை.