இருபது கோப்பைகள்

பலகையில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்றிருக்கும்.
மேக்கணக்கில் யாரும் அப்படிச் சொல்வதில்லை,
பிள்ளைமடுவம்தான்.
நான் அதன் ஆயம்மா.
விடிய ஆறரைக்கு, பெரட்டுக்கு ஓடுகிற கைகளிலிருந்து
தூக்கம் கலையாத பிள்ளைகளை வாங்கி வைக்கிறவள்.

மஸ்கெலியாவிலிருந்து லொறியில் வந்தன கோப்பைகள்.
நீலம் பத்து, ரோஸ் பத்து.
பையன்கள் பதினொன்று.
மிஞ்சிய ரோஸ் டிலக்ஷனுக்குப் போனது.
மூன்று நாள் குடித்தான்,
பால்நுரையில் மீசை வைத்து,
இன்னும் கொஞ்சம் கேட்டு.
நாலாம் நாள் தட்டிவிட்டான்.
"இது பொம்பளப்புள்ள கோப்ப."

பாலைத் துடைத்தபடி யோசித்தேன்.
நடுவில் ஒரு ராத்திரிதானே இருந்தது?
யாரும் உட்காரவைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.
ஒரு சிரிப்பு போதும்.
லயத்துச் சுவரில் அது நாலு காம்பராவுக்குக் கேட்கும்.

கொய்யா மரத்தடியில் விளையாட்டு.
மதுஷிகா உரப்பையைப் படங்காகக் கட்டி
கைப்பிடி உடைந்த வாளியை
தலைக்கயிற்றில் முதுகுக்குத் தொங்கவிட்டிருந்தாள்.
டிலக்ஷன் கையில் கம்பு.
"கை ஓடட்டும்! முத்தின எல எடுக்காத!"
வாளியைத் தூக்கிப் பார்த்து நிறுத்தான்.
"பதினாலு. தண்ணிக்கு ரெண்டு கழிச்சாச்சு. அரப்பேர்."
நாலு வயசு, இரண்டுக்கும்.
அவள் சண்டை பிடிக்கவில்லை.
மறுபடி மலைக்குப் போனாள்,
ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு,
அவள் அம்மா பிடிக்கிற அதே இடத்தில்.

"இப்ப கம்ப அவகிட்ட குடு" என்றேன்.
டிலக்ஷன் வாளியை மாட்டிக்கொண்டு
குதித்துக் குதித்துக் கொழுந்து எடுத்தான்.
மதுஷிகா கம்போடு நின்றாள்.
வாய் திறந்தாள்,
ஒன்றும் வரவில்லை.
கம்பைத் தரையில் ஊன்றினாள், தோளில் வைத்தாள்,
கடைசியில்,
"எல்லாரும் குந்துங்க" என்றாள்.
"காலு வலிக்கும்."

ஒரு மணிக்கெல்லாம் கவ்வாத்து முடித்து
டிலக்ஷனின் அப்பன் வந்துவிட்டான்.
வாளியைப் பார்த்தான்.
"என்னடா, கொழுந்துக்குப் பேர் பதிஞ்சிட்டியா?"
சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை.
பையன் கயிற்றைக் கழற்றினான்,
சுட்டுவிட்டது போல.
நானும் சிரித்துத் தொலைத்தேன், பழக்கதோஷம்.

அவனுடைய அம்மா அப்போதும் மலையில்தான்,
இன்னும் நாலு மணி நேரம்.

சாயந்தரம் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தேன்.
பெட்டியோடு வந்த துண்டை
மறுபடி எடுத்து வாசித்தேன்.
கோப்பை, இருபது.
அவ்வளவுதான் எழுதியிருந்தது.
எது யாருக்கென்று ஒரு சொல்லும் இல்லை.