மூன்று மணிப் புள்ளி

பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்த பதினோராம் நாள்
கட்டுப் பிரித்ததும் கண்ணாடி கேட்டேன்.
பழங்காநத்தத்தில் இருபது வருசமாய் ரவிக்கை தைக்கிறவள்,
அடுத்தவர் தையலைப் பார்க்காமல் விடுவேனா.
கழுத்துக் குழியில் தொடங்கி ஒரே இறக்கம்.
நடுவில் ஓரிடம் லேசாகக் கோணல்.
பிரித்துத் தைத்துத் தாருங்கள் என்று கேட்கிற துணியில்லை.
உள்ளே எலும்பை இறுக்கியிருப்பது கம்பி என்றார்கள்.
கம்பியில் நான் தைத்ததில்லை.

வால்வு உலோகம். டிக் டிக் என்று வெளியே கேட்கும்.
பகலில் பைபாஸ் ரோடு அதை மூடிவிடும்.
ராத்திரி வீடு அடங்கியபின்
எனக்கும் சுவருக்கும் நடுவே அது மட்டும்.
வீட்டுக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.
குறையில்லை, விடியலில் அவருக்குச் சவாரி.

பார்க்க வந்த சொந்தம்
ஹார்லிக்ஸை வைத்துவிட்டு
இனி மிஷின் மிதிக்க முடியுமா என்று அவரிடம் கேட்டது.
நானும் அந்த அறையில்தான் இருந்தேன்.

போனில் தாயம் உருட்டப் போய்ச் சேர்ந்த கூட்டம் ஒன்று உண்டு.
நாலு பேர். முகம் தெரியாது.
ஆட்டத்துக்கு வைத்துக்கொண்ட பேர்தான் பேர்.
நான் ஊசி.

"என்னக்கா, உங்க வீட்டுக் கடிகாரம் இவ்வளவு அவசரமா ஓடுது?"
கேட்டது சில்லறை. தர்மபுரிப் பக்கம் கண்டக்டர்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் பஸ் இரைச்சல் மட்டும்.
பிறகு, "அப்ப சாவி குடுக்க வேணாம்ல?"
இருமும்போது தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.
சிரிப்புக்கு யாரும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

நண்டுக்காலுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் ராக்காவல்.
"நீங்க அடுப்படி வரைக்கும் நடங்க,
நான் மூணாம் நம்பர் கிட்டங்கி வரைக்கும் நடக்கேன்."
பத்தாவது எட்டில் எனக்கு மூச்சு முட்டும்.
அங்கே பூட்ஸ் சத்தமும் நிற்கும்.
"எனக்கும் முட்டி வலிக்கி" என்பான்.
பொய். அந்தக் குரலுக்கு முப்பதுகூட இருக்காது.
ஆவணிக் கடைசியில் பால் பூத் வரை போய்விட்டேன்.
அவன் எந்தக் கப்பல் வரை போனானோ.

எல்லா நாளும் அப்படியில்லை.
ரத்தம் போதுமான அளவு இளகவில்லை என்று
ஒருநாள் மாத்திரையைக் கூட்டினார்கள்.
முருங்கைக்கீரையை அளவோடு என்றார்கள்.
கை நிறைய நீலம் பாரித்திருந்தது.
அன்று ஆட்டத்தில் எல்லாரையும் வெட்டினேன்,
வெட்ட வேண்டாத காயையும் வெட்டினேன்.
ஒருத்தரும் முனகவில்லை.
வேண்டுமென்றே தோற்கிறார்களோ என்று
அதற்கும் கோபப்பட்டேன்.

பூஜ்யம் பேசியதே கிடையாது.
ஆணா பெண்ணா, எந்த ஊர், தெரியாது.
ராத்திரி மூன்று மணிக்குத்தான் ரொம்பப் பயமாக இருக்கிறது என்று
எப்போதோ எழுதியிருந்தேன்.
மறுநாளிலிருந்து மூன்று மணிக்கு ஒரு புள்ளி வரும்.
வார்த்தையில்லை, வணக்கமில்லை,
கொக்கி வைக்கும் இடத்தில் சாக்பீஸால் நான் வைப்பேனே,
அந்த அளவு.
நானும் ஒன்று வைப்பேன்.
அதோடு சரி.

புரட்டாசியில் மழை இறங்கிக் குளிர்ந்த ஒரு ராத்திரி
முதல்முறையாக விடியும்வரை தூங்கியிருக்கிறேன்.
எழுந்து போனைப் பார்த்தால்
மூன்றுக்கு ஒரு புள்ளி.
மூன்றே காலுக்கு ஒன்று.
மூன்றரைக்கு, அடுத்தடுத்து இரண்டு.
நாலுக்கு ஒரு கேள்விக்குறி.
நாலு இருபதுக்கு,
எழுத்தைத் தேடித் தேடித் தட்டியதுபோல்
"ஊசி"

வாசலில் பால்காரர் மணியடித்துக்கொண்டே இருந்தார்.
தூங்கிட்டேன் என்று எழுதினேன்.
அனுப்பும்போது
திருடி மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது.