நிகழ்ச்சிநிரல் எண் நான்கு

கூட்டக் குறிப்பை எழுதியவன் நான்.
பொருள் நான்கு: பரிசோதனை மேசைக்கு நாற்காலிகள்.
ஆட்சேபம் இல்லை. ஏற்கப்பட்டது.
அவ்வளவுதான்.
பிடித்த நேரம் மூன்றரை நிமிடம்,
அதில் ஒரு நிமிடம்
பிரிவுத் தலைவர் டோக்கிடா
மூக்குக்கண்ணாடியைத் தேடியது.

குறிப்பில் ஏறாதவை இனி.

தகாவோகாவில் முதல் பனி விழுந்த வாரம்
மினோவா சதாயே மாடிப்படி ஏறி வந்தாள்.
வார்ப்பு வால்வுகளில் மயிரிழை விரிசல் தேடுபவள்,
நாளெல்லாம் நின்றுகொண்டே தேடுபவள்.
கைப்பிடியைப் பிடித்து
ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து ஏறினாள்.
கணக்குப் பிரிவின் குசுமியிடம்
"சும்மா ஒரு யோசனைதான்" என்றாள்.
அவர் கால்குலேட்டரை எடுத்தார்.
பன்னிரண்டு நாற்காலி
ஒன்பதானது அங்கேதான்.

பாதுகாப்பு அலுவலர் ஓரிஹாரா
சக்கரம் வைத்த நாற்காலி உருளும் என்றார்,
உருண்டால் விழுவார்கள் என்றார்,
விழுந்தால் தான் மூன்று படிவம் நிரப்ப வேண்டும் என்றார்.
சக்கரங்கள் போயின.

சங்கத்துக்காரருக்குப் பூரண சம்மதம்,
முதலில் கேட்டது சங்கம்தான் என்று
எங்காவது ஒரு மூலையில் எழுதிவிட்டால்.

மேற்பார்வையாளர் ஹெபிகுச்சிதான் கல்.
நின்றால்தான் கண் விழித்திருக்கும் என்பது
அவர் முப்பது வருடத்து வேதவாக்கு.
சதாயே வாதிடவில்லை.
புகைபிடிக்கும் கொட்டகைக்குப் போய்
சூடான டின் காபி ஒன்றை நீட்டினாள்.
மறுநாளும்.
மூன்றாம் நாள் பனியைப் பற்றிப் பேசினார்கள்.
நான்காம் நாள் அவராகவே
மனைவிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை என்றார்,
சொல்லிவிட்டு
கவிழ்ந்து கிடந்த பெட்டி மேல் உட்கார்ந்தார்.

டோக்கிடாவிடம் அவள் போகவே இல்லை.
குசுமி போனார். ஹெபிகுச்சி போனார்.
ஒரு மத்தியானம் டோக்கிடாவே இறங்கி வந்து
"உங்களுக்கெல்லாம் நாற்காலி போட்டால் என்ன,
ஒரு ஏழு?" என்று கேட்டார்.
"அடடா, நமக்குத் தோன்றவில்லையே" என்றாள்
முகத்தில் ஒரு கோடு மாறாமல்.

என்னிடமும் வந்தாள்.
நாற்காலியை எங்கே வைப்பது என்றாள்,
கூடத்தில் அல்ல, நிரலில்.
மிகுநேர ஊதியச் சண்டைக்குப் பின்,
சாப்பாட்டு மணிக்கு முன்.
வைத்தேன்.

பெரிய மரத்தை இடம் மாற்றுமுன்
பல மாதம் சுற்றிலும் தோண்டி
வேர்களைப் பழக்குவார்கள் எங்கள் தோட்டக்காரர்கள்.
அந்த வேலையின் பெயரைத்தான்
அலுவலகத்தில் இதற்கும் வைத்திருக்கிறோம்.
சொல்லும்போது இனிமையாக இருக்கும்.
பழக்குவது என்றால்
பாதி வேரை அறுப்பது என்று
யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

திங்களன்று ஏழு நாற்காலிகள் இறங்கின,
ரெக்சின் மணத்தோடு.
பன்னிரண்டு பேர் முறைவைத்து உட்கார்ந்தார்கள்.
சதாயே கடைசி முறையை எடுத்துக்கொண்டாள்.

செவ்வாய் இரவு
மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பிய நான்
இவோனேவைப் பார்த்தேன்.
பிரேசிலிலிருந்து வந்து
ஆறு வருடமாகத் தரை துடைப்பவள்.
சக்கரமில்லாத நாற்காலி ஒவ்வொன்றையும்
இடுப்பில் முட்டுக்கொடுத்துத் தூக்கி
மேசைமேல் கவிழ்த்தாள்.
துடைத்தாள்.
ஏழையும் மறுபடி இறக்கினாள்.

நாங்கள் யாரையெல்லாம் கேட்டோம் என்று
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
ஒரு விரலும் அவளுக்கில்லை.

சதாயேவிடம் சொன்னபோது
கொஞ்ச நேரம் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தாள்.
புதன் இரவு இருவரும் கீழே போனோம்,
காபி டின்களை நான் சுமந்தேன்.
"சும்மா ஒரு யோசனைதான்" என்று
அவள் தொடங்குமுன்பே
இவோனே துடைப்ப வாளியைக் காலால் தள்ளிக் காட்டினாள்.
அது கீறிச்சிட்டு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.
"இதற்கு ஒரு சக்கரம் கேட்டு
இரண்டு வருடம்" என்றாள்.
காபியை வாங்கிக்கொண்டாள்,
திறக்கவில்லை.

அடுத்த மாத நிரல் என் மேசையில் கிடக்கிறது.
வாளி, சக்கரம் ஒன்று, என்று
பென்சிலால் எழுதியிருக்கிறேன்.
எதற்குப் பின், எதற்கு முன் என்று
இன்னும் தெரியவில்லை.