பெட்டி ஒன்று

மகசரில் இப்படித்தான் எழுதியிருக்கிறது:
உடைந்த ஐஸ் பெட்டி ஒன்று,
ரப்பர் செருப்பு மூன்று,
சாலையில் சிதறிய நீலக்கால் நண்டு சுமார்.
சுமாருக்குப் பிறகு எண் இல்லை.
எண்ணக் குனிந்தவரை நண்டு கடித்திருக்கும்.

காரங்காட்டில் விடியுமுன் ஏறினோம்
நானும் செலஸ்தியும்
கருணாகரனின் குட்டியானையில், பின்னால்,
பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தி.
உப்பூர் தாண்டி உப்பளம் வெளுக்கிற நேரம்
எதிரே லாரியை முந்தி ஒரு வெள்ளைக் கார்.
அதன் நம்பர் யாருக்கும் தெரியாது.
வெள்ளை என்பதுகூட
நான் சொல்லிச் சொல்லி உறுதியானதுதான்.

கண் விழித்தபோது
என் மூக்குக்கு நேரே ஒரு நண்டு
கட்டவிழ்ந்து
தார் ரோட்டில் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது.
கடல் எந்தப் பக்கமென்று அதற்குத் தெரிந்திருந்தது.
செலஸ்தி என் கால்மேல் கிடந்தாள்.
எந்திரிடி, கால் வலிக்குது
என்று இரண்டு தரம் சொன்னேன்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
தொடைக்குள் கம்பி வைத்தார்கள்.
வலது கால் ஒன்றரை அங்குலம் குட்டை.
எலும்பு டாக்டர் நாற்பது சதம் என்று எழுதினார்,
மெடிக்கல் போர்டு முப்பத்திரண்டு என்றது.
மீதி எட்டு எங்கே என்று கேட்டேன்.
நடந்து காட்டச் சொன்னப்ப
நீங்க கொஞ்சம் நல்லா நடந்துட்டீங்க
என்றார் வக்கீல் நூருல் அமீன்.
அத்தனை ஆம்பளைகள் நிற்கிற இடத்தில்
இழுத்து நடக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

கால் போன நண்டுக்குக் கம்பெனியில்
கிலோவுக்கு எழுபது ரூபாய் குறைப்பார்கள்.
நடக்கச் சொல்வதில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து
இன்சூரன்ஸ்காரர்கள் பதில் போட்டார்கள்.
அது சரக்கு வண்டி.
சரக்குக்கு உரியவர் கூடப் போகலாம்,
சும்மா ஏறியவருக்குக் கம்பெனி பொறுப்பில்லை.

உங்களுக்குப் பயமில்லை, என்றார் வக்கீல்,
நண்டுச் சிட்டையில் உங்க பேர் இருக்கு.
அந்தம்மா கேஸ்தான் நிக்காது.
ஆள் ரெண்டு, பெட்டி ஒன்று.

உண்மை என்னவென்றால்
அவள் சுகர் மாத்திரை வாங்க வந்தாள்.
பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசு மிச்சம்,
ஏறுடி என்று சொன்னது நான்.

அவளுடைய பெரியவன் அருள்சீலன்
பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன்,
ஒவ்வொரு வாய்தாவுக்கும்
என் வலப்பக்கம் நின்று
கோர்ட் படியில் கைபிடித்து ஏற்றுகிறான்.
பதினோரு படி.
ஒருநாளும் அவன் அவசரப்பட்டதில்லை.

கூண்டில் நாற்காலி போட்டார்கள்.
கடவுள் அறியச் சொல்வதெல்லாம் உண்மை என்றேன்.

பெட்டி யாருடையது?
ரெண்டு பேருதும்.
எத்தனை கிலோ?
பதினாலு. ஆளுக்கு ஏழு.
சிட்டையில் உங்கள் பெயர் மட்டும்தானே இருக்கிறது?
எங்க ஊர்ல பெட்டிக்கு ஒரு பேர்தான் சார் எழுதுவாங்க.

டைப் அடிக்கிற பெண் நிமிர்ந்து பார்த்தாள்.
நூருல் அமீன் பேனாவை மூடி
சட்டைப் பையில் செருகினார்.

எதிர் வக்கீல் காகிதத்தைத் திருப்பினார்.
சிரித்தாரா என்று சரியாகத் தெரியவில்லை.
அப்படியென்றால்
மனுவில் எழுதிய உங்கள் மாத வருமானம்
பாதிதானே?

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.
கம்பி இருக்கிற இடம் குளிர்ந்தது.
முப்பத்திரண்டு சதம்,
அதிலும் பாதி வருமானத்துக்கு.
மனக்கணக்கு போடத் தெரியும் எனக்கு,
பதினெட்டு வருஷமாகத் தராசைப் பார்க்கிறவள்.

ஆமா சார், என்றேன்.

இறங்கும்போது அருள்சீலன்
அம்மா எப்போது நண்டு பிரித்தாள் என்று கேட்கவில்லை.
ஒன்பதாம் படியில் கொஞ்சம் நின்றோம்.
அவன் பையில், மடித்து மடித்துக் கிழியப் போகிற
அவளுடைய மாத்திரைச் சீட்டு இருக்கிறது.
எனக்குத் தெரியும்.
அன்றைய தேதியில் வரச் சொல்லி
சிவப்பு மையில் எழுதியிருக்கும்.