எங்கே இருக்கிறீர்கள்

அவசர அழைப்பு மையத்தில் பதினோரு வருடம்.
என் வேலை ஒரே கேள்வி:
எங்கே இருக்கிறீர்கள்?
அழுகிறவர்களிடம், குடித்தவர்களிடம்,
ஒருமுறை ஐந்து வயதுப் பையனிடம்.
வாசலில் நீலச் சைக்கிள் நிற்கும்,
அவ்வளவுதான் தெரியும் அவனுக்கு.
வண்டி போய்ச் சேர்ந்ததா என்பது
என் காதுக்கு வராது.
அதற்குள் அடுத்த மணி.

மார்ச்சில் ஒருவர்
உறைந்த ஏரியின் நடுவிலிருந்து அழைத்தார்.
"எல்லாம் வெள்ளையாக இருக்கிறது" என்றார்.
மறுபடியும் கேட்டேன்.
"வெள்ளை" என்றார்.
அப்புறம் தண்ணீர்ச் சத்தம்.

அன்றிலிருந்து
ஃபிரிட்ஜ் முனகினாலும்
கை ஹெட்செட்டைத் தேடுகிறது.
டாக்டர் மாத்திரை எழுதினார், நல்ல மாத்திரைதான்.
"சதுப்புக்கும் போய் வாருங்கள், உர்வே" என்றார்.
சிரித்துவிட்டேன்.
எஸ்டோனியாவில் பல்வலிக்கும் இதையே சொல்வார்கள்.

செப்டம்பர் கடைசி.
பலகைப் பாதை முடிந்த இடத்தில்
ரப்பர் பூட்ஸோடு பாசிமேல் இறங்கினேன்.
மிதித்தால் அமுங்கி,
கொஞ்சம் யோசித்து,
மெல்ல எழுகிற தரை.
என் உயரமே இருந்த பைன் மரங்களுக்கு
நூறு வயதிருக்கும்.
வளர்ந்தாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை அவற்றுக்கு.

குருதிநெல்லி பொறுக்கக் குனிந்தேன்.
வாளி கால்வாசி நிறைவதற்குள்
இடது கால் முழங்கால்வரை உள்ளே.
இழுக்க இழுக்க இறுகியது.
ஃபோனில் ஒரு கோடு சிக்னல் இல்லை.
நெஞ்சு அடித்த அடியில்
என் வாயே கேட்டது,
வேலைக் குரலில், தட்டையாக:
எங்கே இருக்கிறீர்கள்?

பதில் சொல்லவும் நான்தான் இருந்தேன்.
சொன்னேன்.
ஒரு வளைந்த பைன், பட்டையில் மஞ்சள் படிவு.
கட்டஞ்சாயா நிறத்தில் குட்டை, அதில் முழு மேகம்.
கற்பூரத்தில் பாதி, பழைய மருந்தில் பாதியாய்
ஏதோ செடியின் வாடை.
தெற்கே போகும் கொக்குகள், இருபத்தாறு,
துருப்பிடித்த கீல்போலக் கத்திக்கொண்டு.
என் கையில் ஒரு பழம்,
ஒரு பக்கம் இன்னும் வெள்ளை.

சொல்லச் சொல்லக் கால் தளர்ந்தது.
பூட்ஸை விட்டுவிட்டு உருவிக்கொண்டேன்.
(பிறகு படுத்துக் கையைவிட்டு
அதையும் பிடுங்கினேன். முப்பது யூரோ.)

பாசிமேல் உட்கார்ந்து கறுப்பு ரொட்டி தின்றேன்.
பாவாடை நனைந்தது.
அந்த ஏரி மனிதரை
முதல்முறையாக முழுதும் நினைத்தேன்.
அவர் குரலுக்குப் பிறகு
மணி அடிக்கவில்லை.
காற்று இருந்தது, அதுவும் கொஞ்சம்தான்.

அன்றிரவு தூங்கினேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.
மூன்று மணிக்கு எழுந்து பழங்களைக் கழுவினேன்.
ஃபிரிட்ஜ் முனகியது.
கை எங்கும் போகவில்லை;
குளிர்ந்த தண்ணீருக்குள்
பழங்களைத் துழாவிக்கொண்டிருந்தது.