அச்சு

தலைவர்களெல்லாம் என் மூன்றாம் இழுப்பறையில்.
எருசலேமில், அகராதி அலுவலகத்தில்,
வேதச் சொற்களைச் சீட்டில் எழுதி அடுக்குவது என் வேலை.

நாஸீ: உயர்த்தப்பட்டவன், பிரபு.
மேகத்துக்கும் அதே சொல்.
பக்கத்து மேசை ஹெம்தா சன்னலைக் காட்டுகிறாள்:
தலைக்கு மேல் எத்தனை நாஸீக்கள்,
ஒரு சொட்டு விழுந்ததா?
கீழே தெருவில் தேர்தல் வண்டி
தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போகிறது.

ஆலூஃப்: குலத்தலைவன்.
பாரம் இழுக்கும் மாடும் ஆலூஃப்தான்.
இன்று அது படைத்தளபதியின் பட்டம்;
தோளில் வாள் உண்டு, இலை உண்டு,
நுகத்தடித் தழும்பு இல்லை.

ரோஸேன்: கோமகன்.
எலும்பும் தோலுமாய் இளைப்பதற்கும்
கிட்டத்தட்ட அதே எழுத்துகள்.
வேர் ஒன்றா இரண்டா என்று
ஸெராஹ்யா ஒரு வாரம் மல்லுக்கு நின்றார்.
இளைத்தது யார் என்று கேட்கவேயில்லை.

ஸெரென் சீட்டை மட்டும்
இந்த வருடம் நான் தொடவில்லை.
கடலோரப் பகைவர் ஐவருக்கு அது பட்டம்.
வண்டியின் அச்சுக்கும் அதுவே பெயர்.
வசந்தத்தில் என் மகன் யோதாம் ஸெரென் ஆனான்,
கேப்டன், தோளில் மூன்று பட்டை.
நான்தான் கேக் வெட்டினேன்.
அச்சு பாரம் தாங்கும்.
எந்தப் பக்கம் போகலாமென்று
அச்சை யாரும் கேட்பதில்லை.

நேற்றிரவு பேசினான்.
ஏதோ ஒரு கிராமம், ஊரடங்கு,
பூட்டிய கதவுகளை அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான்.
அவன் குரலுக்குப் பின்னால்
யார் வீட்டுக் குழந்தையோ இருமியது.
சாப்பிட்டாயா என்று கேட்டேன்.
வேறென்ன கேட்பது.

கடைசிச் சீட்டு மெலேக், அரசன்.
கடனுக்குப் பிள்ளைகளை அடகு வைத்தவர்கள்
கூக்குரலிட்டு வந்து நின்றபோது
ஓர் ஆளுநன் பேச்சற்றுப் போனான்.
அந்த இடத்தில் எழுதியிருக்கிறது:
என் நெஞ்சு என்மேல் மெலேக் ஆயிற்று.
தனக்குள் யோசித்தான், அவ்வளவுதான் என்கிறார் ஸெராஹ்யா.
இருக்கலாம்.
நான் எழுத்து பிசகாமல் எழுதி
ஸெரென் சீட்டின்மேல் வைத்து
இழுப்பறையைச் சாத்தினேன்.

வீடு திரும்பும் பேருந்தில் நிற்க இடமில்லை.
ஊரடங்குக்கு எங்கள் மொழியில் ஓட்ஸேர்.
மக்களை அடக்கி ஆள்பவனும் ஓட்ஸேர்.
முதல் அரசனைச் சுட்டிக்காட்டி
இறைவன் சொன்ன வினையின் வேரும் அதுவே.
பொத்தானை அழுத்தினால்
ஓட்டுநரின் தலைக்கு மேல்
சிவப்பாய் எரிவதும் அந்தச் சொல்:
நிற்கிறது.

என் தெருவுக்கு இன்னும் இரண்டு நிறுத்தம்.
அழுத்திவிட்டேன்.