ஏழு மைல் சாயம்

(வில்ட்ஷயர், 1943 மார்ச்)

மேலே போகப் போக
டோலியின் கையெழுத்து பெரிதாகும்.
இரண்டாயிரம் அடியில் எறும்பு,
இருபதாயிரத்தில் தவளை.
முழங்காலில் கட்டிய அட்டையில்
விறைத்த விரல் கிறுக்கியதை
கரியடுப்போரம் உட்கார்ந்து நான் படிப்பேன்.
அந்தக் குளிருக்கு என்னிடம் அட்டவணை இல்லை.
மற்றதற்கெல்லாம் உண்டு.

வேகமானியின் முள் பொய் சொல்வதில்லை.
தெரிந்ததைச் சொல்கிறது:
குழாயின் வாயில் முட்டும் காற்றுக்கும்
விலாவில் ஒரு துளையருகே
சும்மா நழுவும் காற்றுக்கும்
எவ்வளவு வித்தியாசம், அவ்வளவுதான்.
அங்கே காற்று எத்தனை மெலிந்திருந்தது என்று
அதனிடம் கேட்டுப் பயனில்லை.
அதைக் கணக்கிடத்தான் எனக்குச் சம்பளம்.

கருவிக்கென்று ஒரு பிழை, கழித்தேன்.
துளை இருக்கும் இடத்துக்கென்று ஒரு பிழை,
போன மாதம் அளந்தது, கூட்டினேன்.
இருநூற்று நாற்பத்தைந்து.
பிறகு குளிர், அழுத்தம், ஒரு வர்க்கமூலம்.
வேகத்தில் நெரிபட்ட காற்று
மூன்று மைலைத் திருப்பிக் கேட்டது, கொடுத்தேன்.
சறுக்குக் கோல்
முன்னூற்று முப்பத்திரண்டில் வந்து நின்றது.

இதே விமானம், இதே உயரம்,
போன மாதம் முன்னூற்று இருபத்தைந்து.

தொழிற்சாலையிலிருந்து வந்திருந்த ஆம்ப்ளர்
ஈரத் தொப்பியை என் வரைபடத்தின் மேல் வைத்தார்.
"எஞ்சினைத் தொடவேயில்லை, ஏழு மைல்!"
லண்டனுக்கு டிரங்க் கால் போட்டார்.
டோலி மட்டும் சிரிக்கவில்லை.
அவன் தம்பி இந்த ரகத்தைத்தான்
கால்வாய்க்கு மேலே ஓட்டுகிறான்.
"ஏழு" என்றான், மெதுவாக,
யாரோ தவறிக் கொடுத்த சில்லறையை
உள்ளங்கையில் எண்ணுகிறவனைப் போல.

இரண்டு இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.
சும்மா வந்த ஏழு.
மூன்றாம் நாள் காலை
கோபுரத்தை ஒட்டிப் பறந்து காட்டச் சொன்னேன்.

புல்லுக்குச் சற்று மேலே, அவ்வளவு தாழ்வாக.
ஆடுகள் சிதறின.
கோபுர மாடத்தில் ஈனிட் ஸ்க்ரேஸ்
கம்பிச் சட்டத்தில் ஒரு கண் வைத்து
உயரம் பிடித்தாள். தொலைபேசியில்
"ஐம்பத்திரண்டு அடி" என்றாள், தும்மினாள்.
டோலியின் அட்டையில் உயரமானி
எல்லாத் திருத்தமும் போட்ட பிறகும்
நூற்று முப்பத்திரண்டு.

எண்பது அடி.
வில்ட்ஷயரின் புல்வெளி
இரவோடு இரவாக எண்பது அடி இறங்கியிருக்க வேண்டும்.
இல்லையென்றால்

டார்ச்சோடு போய் விமானத்தின் விலாவைத் தடவினேன்.
துளைக்கு ஒரு விரல் முன்னே
நகத்தில் தட்டுப்படும் ஒரு வரப்பு.
பச்சை பெயின்ட்.

யாரோ பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று
டில்வின் ப்ராசர், பத்தொன்பது வயது,
அக்கறையாக இரண்டாம் பூச்சு பூசியிருக்கிறான்.
துளையை அடைக்கவில்லை, நல்ல பையன்.
காற்றை அதன் வாசலில் ஒரு தாவு தாவ வைத்தான், அவ்வளவே.
தாவிய காற்று துளையை உறிஞ்சியது.
முள் நம்பியது. நானும் நம்பினேன்.

சவர பிளேடால் அவனே சுரண்டினான்,
காது சிவக்க.
சாயம் வெளுத்தது என்று சொல்லலாம்.
மறுபடி முன்னூற்று இருபத்தைந்து.

ஆம்ப்ளர் வெகுநேரம் சன்னலைப் பார்த்தார்.
"எல்லா விமானத்துக்கும் அதே பூச்சு கொடுத்துவிட்டால்?"
வேடிக்கையாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.
ஏட்டுச் சுரைக்காயைத்
துரத்தி வருகிறவனும் தின்ன மாட்டான் என்றேன்.
அறிக்கையில் அதை எழுதவில்லை.

சாயங்காலம் டோலி குடிசைக்கு வந்தான்.
கதவைச் சாத்தாமல் நின்றான்.
"தம்பிக்கு எழுதிவிட்டேன்.
செவ்வாய்க்கிழமைத் தபாலில்."

கதவைச் சாத்தச் சொன்னேன்.
என் பென்சிலையும்
பின்பக்கம் வெறுமையாயிருந்த ஒரு தாளையும் நகர்த்தினேன்.
அடுப்பில் கரி நன்றாகவே எரிந்தது.
அவன் கையில் உறை இல்லை, உயரமும் இல்லை;
தரையில், நாற்காலியில்தான் இருந்தான்.

எழுத்து மட்டும் தவளை தவளையாக விழுந்தது.